குடில் போட்டி அறிவிப்புக்கு ஓர் உரை

திருவருகைக் காலம் தொடங்கியதும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறும். கிறிஸ்து பிறப்புக் குடில் போட்டிக்கான அறிவிப்பு அது. கடற்கரைப் பங்கானாலும் மலையடிவாரப் பங்கானாலும், கோட்டாறு மறைமாவட்டமானாலும் அதிலிருந்து 2014இல் பிரிந்த குழித்துறை மறைமாவட்டமானாலும், பரிசுத் தொகையும் தேதியும் மாறுமே தவிர விதிகளின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் போக்கை எட்டு விதிகளாக என் சொற்களில் தொகுத்து, அவற்றையே மூலமாகக் கொண்டு விதிக்கு விதி உரை எழுதுகிறேன்.

ஒரு போட்டி அறிவிப்புக்கு உரை எதற்கு? நம் மாவட்டத்தில் சிற்றுருக் கட்டும் கலை வீட்டுக்கு வீடு உயிரோடு இருப்பது இந்த ஒரு மாதத்தில்தான். நவராத்திரியில் கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகள் போடும் பூங்காவும் குளமும் உண்டு. ஆனால் தெருவே கூடி மலையும் ஓடையும் வயலும் ஊருமாகக் கட்டி எழுப்புவது குடிலில்தான். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி விமானமும் டாங்கியும் கப்பலும் செய்கிறவர்கள் உலகெங்கும் தங்களுக்குள் வாதாடும் கேள்வி ஒன்று உண்டு: கட்டுவது பரிசுக்கா, கட்டுவதன் மகிழ்ச்சிக்கா? அதே வாதம் நம் ஊர்களில் டிசம்பர் இரவுகளில் கட்டன் சாயாவோடு நடக்கிறது. "இந்த வருசம் போட்டிக்கு வைக்கண்டாம், சும்மா நமக்காக வைப்போம்" என்பார் ஒருவர். "போட்டி இல்லன்னா ஒருத்தனும் வரமாட்டான் மக்கா" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். போட்டி இருக்கட்டும். ஆனால் விதி எதை அளக்கிறதோ அதைத்தான் அடுத்த ஆண்டு ஊர் கட்டும். செலவை அளந்தால் செலவு வளரும். கைவேலையை அளந்தால் கைவேலை வளரும். கட்டுகிறவரின் மகிழ்ச்சியைக் காப்பதும் கெடுப்பதும் விதி எழுதுகிறவரின் பேனா.

1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை இவ்வளவுதான் இருந்தன. சொரூபம்கூட இல்லை. 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடில் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். வீடுகளில் குடில் கட்டும் வழக்கத்தை விடாமல் காக்கச் சொல்லும் மடல் அது. நம் பங்குகள் எழுதும் விதிகளையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

விதி 1: பங்கைச் சேர்ந்த எவரும் பங்கேற்கலாம். அன்பியக் குடில், வீட்டுக் குடில் என இரு பிரிவுகள்.

அண்டை வீடுகள் சேர்ந்த குழு ஒருபுறம், தனிக்குடும்பம் மறுபுறம். இருபது பேர் கையையும் நான்கு பேர் கையையும் ஒரே தட்டில் நிறுக்காத நல்ல பிரிப்பு. ஒரு குறை உண்டு. பிள்ளைகள் மட்டும் சேர்ந்து கட்டும் குடிலுக்கு இடமில்லை. வீட்டுக் குடில் என்ற பெயரில் அப்பாவும் சித்தப்பாவும் கட்ட, பிள்ளைகள் ஆணி எடுத்துக் கொடுக்கும் வேலையில் நின்றுவிடுகிறார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்றாவது பிரிவு வேண்டும்.

விதி 2: குடில் இயற்கைப் பொருட்களால் அமைய வேண்டும்.

எட்டில் உயிரான விதி இதுதான். ஆகவே உரையும் நீளும்.

நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. டிசம்பரில் வயலில் பச்சையாக நிற்பது கும்பப்பூ. அது அறுவடைக்கு வர மாசியாகும். ஆகவே குடிலின் கூரைக்கு வருவது கன்னிப்பூ வைக்கோல், மழைக்கு முன்னே படப்பில் ஏறியது. அறுவடை இயந்திரம் வந்தபின் நீண்ட தாள் வைக்கோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. இயந்திரம் தாளைக் கசக்கி நொறுக்கித் தள்ளும். மாட்டுக்கு ஆகும், கூரை வேய ஆகாது. கையால் அறுத்த வயல் யாருடையது என்று விசாரித்துப் போய்த்தான் ஒரு கட்டு வாங்கி வர வேண்டும். அந்த விசாரிப்பில் ஒரு பையன் தன் ஊரின் வயல்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் முதல்முறையாக அறிகிறான். தெர்மகோல் வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரரை மட்டும்தான் அறிவான்.

புல்வெளிக்கு நெல்லையோ கம்பையோ கடுகையோ ஊறவைத்து முளைகட்டி, சிரட்டையிலும் பழைய தட்டிலும் மண் பரப்பித் தூவுகிறோம். டிசம்பர் 14, 15 வாக்கில் தூவினால் 24ஆம் தேதி நெல் நான்கு விரல் உயரம் வந்திருக்கும். நிழலில் வைத்தால் நெட்டையாக வெளுத்துச் சாயும். வெயில் பட்டால் கட்டையாக, பச்சையாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்கிற ஆண்டில் விதை அழுகிப் போகும். மறுபடி தூவ நாள் இருக்காது. அதனால் விவரமறிந்த வீடுகளில் இரண்டு நாள் இடைவெளி விட்டு இரண்டு தொகுதியாகத் தூவுவார்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். விவசாயம் செய்யாத வீட்டுப் பிள்ளைகள் மழைக்காகக் கவலைப்படும் ஒரே வாரம் இது.

மலைக்கு வருவோம். கம்பு நட்டு, கோழிக்கூட்டு வலையைப் போர்த்தி, பழைய சாக்கைக் குளத்துக் களிமண் குழம்பில் முக்கி மேலே விரிக்க வேண்டும். காய்ந்ததும் பாறை மடிப்பு தானாக விழும். களிமண்ணுக்குப் பதில் சிமெண்ட் பால் ஊற்றுகிறவர்கள் உண்டு. உறுதி கூடும், ஆனால் விதி சொல்லும் இயற்கைப் பொருள் ஆகாது. திருநாள் முடிந்ததும் உடைத்துக் கொட்ட இடமும் தேட வேண்டும். களிமண் மலை ஒரு மழையில் கரைந்து தோட்டத்துக்கே போய்விடும்.

பாறைக்கு நிறம் பார்க்க நாம் எங்கும் அலைய வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது: கரும்பாறை, மழைநீர் வழிந்த தடத்தில் இன்னும் கருத்த கோடு, பாசி காய்ந்த இடத்தில் பழுப்பு கலந்த பச்சை. ஒரே சாம்பல் நிறத்தை முழுக்கப் பூசிவிட்டால் சாக்கு சாக்காகவே தெரியும். முதலில் கருமை பூச வேண்டும். அது காய்ந்தபின் தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் மட்டும் தேய்க்க வேண்டும். பள்ளம் இருட்டாக நிற்கும், மேடு வெயில் பட்டது போல எழும். விரல் நீள பிளாஸ்டிக் டாங்கி செய்கிறவர்களும் இதே முறையில்தான் இரும்பின் விளிம்புகளைத் துலக்குகிறார்கள்.

இத்தனை அறிவையும் அந்த ஒரு வரி விதி தன்னுள் வைத்திருக்கிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டு, மதிப்பெண் போடும்போது பளபளப்பான தெர்மகோல் மாளிகைக்கே முதலிடம் கொடுக்கும் பங்குகளைப் பார்த்திருக்கிறேன். விதியை மதித்து மண்ணில் கை வைத்தவர்கள் அடுத்த ஆண்டு தெர்மகோலுக்கு மாறுவார்கள், அல்லது கட்டுவதையே விடுவார்கள். எழுதிய விதியை நடுவர்கள் கடைப்பிடிக்காவிட்டால் எழுதாமல் இருப்பதே மேல்.

விதி 3: அசையும் காட்சிகளுக்கும் ஒளி, ஒலி அமைப்புக்கும் தனி மதிப்பெண் உண்டு.

போட்டியின் மகிழ்ச்சி எங்கே கசியத் தொடங்குகிறது என்று கேட்டால் இந்த விதியைத்தான் காட்டுவேன். இதை எழுதியவரின் நோக்கம் நல்லது. கற்பனைக்கு ஊக்கம் தர நினைத்திருக்கிறார். பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டாரை வைத்துக் காற்றாலையைச் சுற்ற வைக்கும் பையனை அவர் மனத்தில் கண்டிருப்பார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் உண்மையான காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பான ஆசை. மீன்தொட்டி மோட்டாரை வைத்துத் திற்பரப்பு அருவியை விழச்செய்யும் குழுவும் அவர் கண்முன் நின்றிருக்கும். அவர்களுக்கு மதிப்பெண் கொடுப்பதில் எனக்கு ஒரு தடையும் இல்லை.

நடப்பது வேறு. ஒளிக்கு மதிப்பெண் என்றதும் முதல் ஆண்டு நான்கு சீரியல் செட். அடுத்த ஆண்டு வாடகை விளக்கு. அதற்கடுத்த ஆண்டு ஆள் வைத்து ஒலி, புகை, திரை. ஒவ்வொரு வீட்டிலும் பிரிக்கும் தொகை ஏறுகிறது. கொடுக்க முடியாத வீடு பின்வாங்குகிறது. பணம் கொடுத்தவர்கள் பார்வையாளர்களாகி, கட்டுவது கூலிக்கு வந்தவர் வேலையாகிறது. ஏழைத் தச்சரின் குடும்பத்துக்கு ஊரில் இடம் கிடைக்காத கதையைக் காட்டும் குடிலுக்குள் பணம் இல்லாத ஒரு வீடு நுழைய முடியாமல் போவதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது.

இதே நோய் பிளாஸ்டிக் சிற்றுருக்காரர்களுக்கும் வந்தது. பெட்டியில் வரும் பாகங்களோடு நிற்காமல், தனியாக விற்கும் உலோகத் தகடும் பிசின் வார்ப்பும் வாங்கி ஒட்டுவது வழக்கமாயிற்று. பெட்டியின் விலையைவிட ஒட்டுப்பொருளின் விலை ஏறியது. அவர்களுடைய போட்டிகளில் இதற்கு எளிய மருந்து ஒன்று வைத்தார்கள்: பெட்டிக்குள் இருப்பதை மட்டும் கொண்டு கட்டியவற்றுக்குத் தனிப் பிரிவு. கையும் பொறுமையும் மட்டும் அங்கே போட்டியிடும். நாமும் அப்படிச் செய்யலாம். வாடகைக்கு எடுத்ததற்கும் ஆள் வைத்துச் செய்ததற்கும் மதிப்பெண் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புகை எந்திரம் வேண்டுமானால் நிற்கட்டும், கணக்கில் வராது.

மின்சாரம் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த விதியைக் கடக்க முடியாது. ஈர மண், முளைத்த நெல், ஓடும் தண்ணீர், காய்ந்த வைக்கோல், நடுவே 230 வோல்ட் கம்பி. இவை ஓரிடத்தில் சேரவே கூடாது. 12 வோல்ட் அடாப்டரில் இயங்கும் எல்இடியும் மோட்டாரும் மட்டுமே குடிலுக்குள் போகலாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

விதி 4: சொரூபங்களும் காட்சியும் அளவில் ஒத்திருக்க வேண்டும்.

நடுவர்கள் அதிகம் மறக்கும் விதி. கட்டுகிறவர்களுக்கு அதிகம் கற்றுத்தரும் விதியும் இதுவே. ஆட்டைவிடச் சிறிய ஒட்டகம், வாசலில் நுழைய முடியாத யோசேப்பு, தீவனத்தொட்டிக்கு வெளியே கால் நீட்டிக் கிடக்கும் பாலன் என்று எல்லாக் குடில்களிலும் பார்க்கிறோம்.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். யோசேப்பு சொரூபம் ஓரடி உயரம் என்று வையுங்கள். ஐந்தரை அடி மனிதர் ஓரடியாகிறார். அந்த விகிதத்தில் அறுபதடித் தென்னை பதினொரு அடி உயரம் நிற்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் நடக்காத காரியம். சொரூபத்தை இரண்டு அங்குலமாக்கினால் அதே தென்னை இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. 115 அடி உயரமுள்ள மாத்தூர் தொட்டிப்பாலமே மூன்றரை அடிக்குள் அடங்கிவிடும். கடையில் பெரிய சொரூபங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் ஊரைக் கட்ட இடமில்லாமல் தவிப்பதும், சின்னச் சொரூபம் வைத்திருப்பவர்கள் நாஞ்சில் நாட்டையே விரிப்பதும் இதனால்தான். வீட்டுக் குடிலுக்குச் சிறிய சொரூபமே சிறந்தது.

சிற்றுருக்காரர்களின் அளவுகளும் இப்படி நடைமுறைக் கணக்கிலிருந்து வந்தவையே. பிளாஸ்டிக் விமானங்களுக்கு வழக்கமான 1/72 என்ற அளவு, ஆறடி மனிதனை ஓரங்குலமாக்குவதால் வந்தது. டாங்கிகளின் 1/35 வந்த வழி இன்னும் நல்லது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியைப் பிள்ளைகள் ஓட்டி விளையாடும்படி செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க என்ன பருமன் வேண்டுமோ அந்தப் பருமனில் டாங்கி அமைந்தது. அது ஏறக்குறைய 1/35. இன்று உலகெங்கும் டாங்கி செய்கிறவர்கள் பின்பற்றும் அளவு, ஒரு விளையாட்டுப் பொருளின் வயிற்றுக்குள் பேட்டரி வைக்க எடுத்த அளவு.

நமக்கு அருகிலேயே அளவறிந்தவர்கள் இருக்கிறார்கள். மயிலாடியில் கல் செதுக்கும் சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு முழு உருவத்தையும் அளப்பவர்கள். ஒன்பது தாலமா எட்டா என்பது உருவத்துக்கு உருவம் மாறும். ஆனால் ஓர் உருவத்துக்குள் அளவு பிசகாது. அந்த ஊர்ச் சிற்பி ஒருவரை நடுவராக அழைத்தால், ஏன் இந்த மேய்ப்பன் கண்ணுக்கு உறுத்துகிறான் என்று பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

விதியை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். நேப்பிள்ஸ் நகரத்துப் பழைய குடில்களில் முன்வரிசையில் பெரிய உருவம், பின்னே போகப் போகச் சிறிய உருவம் வைத்து ஆழம் காட்டினார்கள். அளவு மாறுகிறது, ஆனால் காரணத்தோடு மாறுகிறது. நாலு வயதுப் பிள்ளை தன் பிளாஸ்டிக் ஜீப்பை மேய்ப்பர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாலும் மதிப்பெண் குறைக்காதீர்கள். அந்தப் பிள்ளை தன்னிடம் உள்ளதில் சிறந்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மூன்று அரசர்கள் செய்ததும் அதுதான்.

விதி 5: குடில் ஒரு நற்செய்தியை உணர்த்த வேண்டும்.

இந்த விதிக்காக எழுதி ஒட்டப்படும் வாசகப் பலகைகள் பெரும்பாலும் குடிலைக் கெடுக்கின்றன. மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம் என்று எழுதிய அட்டை மலைச்சரிவில் நின்றால், பார்க்கிறவர் அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மரத்தை நட்டுக் காட்டினால் போதும்.

உண்மையான செய்தி ஊரின் வாழ்விலிருந்து வரும். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் அடித்தபோது கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. வீடுகளில் குடில்கள் நின்றிருந்த காலம். 2017இல் நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் கடலுக்குப் போனவர்களைக் கொண்டுபோனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதிகளில் அந்த டிசம்பர் கொண்டாட்டத்தின் மாதமாக இல்லை. இந்தக் கரையில் கட்டப்படும் குடிலில் மேய்ப்பனுக்குப் பதில் வலை தோளில் போட்ட மீனவர் நிற்பதும், நட்சத்திரத்துக்குப் பதில் முட்டம் கலங்கரை விளக்கின் ஒளி விழுவதும் அலங்காரம் அல்ல. அதற்கு மதிப்பெண் போட ஒரு நடுவர் தயங்கினால் அவர் இந்த ஊரை அறியாதவர்.

ஆனால் துயரத்தைப் பரிசுக்காகக் காட்சியாக்கும் ஆபத்தும் இந்த விதியில் உண்டு. அடுத்த ஊரின் சாவை நம் குடிலில் வைத்து முதல் பரிசு வாங்குவது தகாது. தன் ஊரில் நடந்ததை, அதில் பாதிக்கப்பட்டவர்களின் சம்மதத்தோடு காட்டலாம். அந்த எல்லையை நடுவர் குழு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விதி 6: கட்டியவர்களே நடுவர்முன் நின்று விளக்க வேண்டும்.

எந்த விதியை எடுத்தாலும் இதை எடுக்காதீர்கள். கட்டாதவர் விளக்க முடியாது. "இந்தப் பாறை எப்படி வந்தது மக்களே?" என்று நடுவர் கேட்டால், சாக்கை முக்கிய பிள்ளைக்குத்தான் பதில் வரும். "முதல்ல கரச்ச மண்ணு தண்ணியாப் போச்சு ஃபாதர். அப்புறம் பாட்டாதான் உமி சேக்கச் சொன்னாரு. அதுக்கப்புறம் பிடிச்சுது." இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு தோல்வி, ஒரு கிழவரின் அறிவு, ஒரு திருத்தம் எல்லாம் வந்துவிட்டன. எந்தப் புகை எந்திரத்துக்கும் இந்த மதிப்பு இல்லை.

ஊரில் கொத்து வேலை செய்து ஓய்ந்தவர்கள், கட்டுமரம் கட்டியவர்கள், ஓலை முடைந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆண்டு முழுதும் அவர்களிடம் ஒரு சந்தேகமும் கேட்க வராத பேரப்பிள்ளைகள் டிசம்பரில் மட்டும் வந்து நிற்கிறார்கள். ஓலையை எந்தப் பக்கம் மடக்க வேண்டும், கட்டுமரத்துத் தடிகளை எந்த வரிசையில் வைத்துக் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். ஃபைபர் படகுகள் வந்தபின் கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த அறிவு ஓரடி நீள மாதிரியாகவாவது ஒரு பிள்ளையின் கைக்கு இறங்குமானால், குடில் போட்டி ஓர் அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது.

கட்டும் மகிழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். இரவு மரச்சீனி அவித்துத் தின்றபடி, பேசிப் பேசி, பிரித்துப் பிரித்துக் கட்டும் நேரம். போட்டி அந்த நேரத்துக்கு ஒரு காரணம் கொடுக்கிறது. காரணம் இல்லாவிட்டால் இருபது வயது இளைஞன் எழுபது வயதுப் பாட்டாவுடன் பத்து இரவு உட்காரமாட்டான்.

விதி 7: டிசம்பர் 24 மாலை ஆறு மணிக்குள் குடில் முடிந்திருக்க வேண்டும், அன்றிரவே நடுவர்கள் பார்வையிடுவர்.

கெடு நல்லது, பார்வையிடும் நாள் தவறு. பாலன் சொரூபத்தை நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகே தீவனத்தொட்டியில் வைப்பது வழக்கம். 24 இரவு வரும் நடுவர்கள் பார்ப்பது வெறுந்தொட்டி. மூன்று அரசர்களைத் தொலைவில் நிறுத்தி, நாளுக்கு நாள் சற்றே நகர்த்தி, ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குத் தொட்டியருகே கொண்டுவரும் வீடுகளும் உண்டு. அந்த நகர்வை எந்த நடுவரும் கண்டதில்லை. பார்வையிடலைக் கிறிஸ்துமஸுக்குப் பின் ஏதேனும் ஒரு மாலைக்குத் தள்ளுங்கள். கட்டியவர்கள் திருப்பலியில் தூங்கி விழாமல் இருப்பார்கள்.

விதி 8: முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு, ஏனையோருக்கு ஆறுதல் பரிசு. நடுவர் தீர்ப்பே இறுதியானது.

போட்டியால் கலை அழியும் என்பவர்களுக்கு எதிர்ச்சான்று போலந்தில் இருக்கிறது. கிராகோவ் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் கொத்தனார்களும் தச்சர்களும் குளிர்காலத்தில் கட்டட வேலை நின்றபோது கையில் தூக்கிச் செல்லும் குடில்களைச் செய்தார்கள். நகரத்துத் தேவாலயங்களின் கோபுர வடிவில், வண்ணத் தாளால் மினுக்கியவை. அந்த வழக்கம் தேயத் தொடங்கியபோது 1937இல் ஒரு போட்டி வைத்தார்கள். போர் ஆண்டுகளில் நின்றது. 1945இல் மறுபடி தொடங்கியது. இன்றும் டிசம்பர் முதல் வியாழனன்று கட்டியவர்கள் தங்கள் குடில்களைத் தாங்களே சுமந்துவந்து, நகரச் சதுக்கத்தில் கவிஞர் மிச்கியேவிச் சிலையின் படிகளில் வைக்கிறார்கள். பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச்சிறியது என்று பிரிவுகள், பிள்ளைகளுக்குத் தனி. 2018இல் யுனெஸ்கோ இந்த மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. போட்டி இல்லாதிருந்தால் அந்தக் கலை பழைய படங்களில் மட்டும் இருந்திருக்கும். அங்கே போட்டி மகிழ்ச்சியைக் கொல்லாததற்குக் காரணம், எல்லாக் குடில்களும் ஒரே படிக்கட்டில் ஒன்றாக நிற்பதும், கட்டியவர் ஒவ்வொருவரும் மற்றவர் வேலையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிவதும் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் நடப்பது வேறு. நடுவர்கள் வண்டியில் வருவார்கள், சில நிமிடம் பார்ப்பார்கள், போவார்கள். முடிவைக் கோயிலில் வாசிக்கும்போது மூன்று பெயர் கேட்கும். நான்காவது வந்தவருக்கும் நாற்பதாவது வந்தவருக்கும் ஒரே ஆறுதல் பரிசு, பெரும்பாலும் ஒரு எவர்சில்வர் கிண்ணம். ஏன் தோற்றோம் என்று எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். அந்த நடுவர் அவருக்கு மைத்துனர், இந்த அன்பியம் பணக்கார அன்பியம் என்று பேச்சு வளரும். அடுத்த ஆண்டு இரண்டு தெரு ஒதுங்கிக்கொள்ளும். "தீர்ப்பே இறுதியானது" என்ற சொல் சண்டையைத் தவிர்க்க எழுதியது. காரணத்தை மறைப்பதால் சண்டையை அதுவே வளர்க்கிறது.

சிற்றுருக்காரர்களின் உலகில் இரண்டு முறைகள் உண்டு. 1963இல் பிரிட்டனில் தொடங்கிய பன்னாட்டு பிளாஸ்டிக் மாதிரிக் கலைஞர் சங்கத்தின் வழியில் வளர்ந்த போட்டிகள் பல, மேசையில் உள்ளவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடும். நடுவர்கள் டார்ச் அடித்து ஒட்டுக்கோடு தெரிகிறதா, சக்கரங்கள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லோரும் ஒப்பக்கூடிய அடிப்படைகளை முதலில் பார்ப்பதால் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைகிறது. மற்ற முறை, ஒவ்வொன்றையும் முன்பே வகுத்த ஒரு தரத்தோடு ஒப்பிடும். தரத்தை எட்டியவை எத்தனையோ அத்தனைக்கும் தங்கம். ஒன்றும் எட்டாவிட்டால் தங்கமே இல்லை. பக்கத்து மேசைக்காரர் தோற்றால்தான் நான் ஜெயிக்க முடியும் என்ற நிலை அங்கே இல்லை. கவசவண்டி மாதிரிகள் செய்கிறவர்களின் சங்கங்கள் இந்த வழியில் போகின்றன.

அன்பியக் குடிலுக்கு முதல் முறையே இருக்கட்டும். தெருவுக்குத் தெரு போட்டி போடுவதில் ஓர் உற்சாகம் உண்டு, அதைக் கெடுக்க வேண்டாம். வீட்டுக் குடிலுக்கும் பிள்ளைகள் குடிலுக்கும் இரண்டாம் முறையே பொருந்தும். கன்னிப்பூ வைக்கோலைத் தேடிப்பிடித்துக் கூரை வேய்ந்த எல்லா வீட்டுக்கும் தங்கம் கொடுங்கள். பத்து வீடானால் பத்து. பரிசுத் தொகை சிறுத்தாலும் பரவாயில்லை.

பங்குப் பேரவைகளுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது. வரும் டிசம்பரில் அறிவிப்போடு மதிப்பெண் தாளையும் சேர்த்தே ஒட்டுங்கள். நூறில் நாற்பது சொந்தக் கைவேலைக்கு, இருபத்தைந்து கட்டியவர் தரும் விளக்கத்துக்கு, இருபது இயற்கைப் பொருளுக்கு, பதினைந்து அளவுப் பொருத்தத்துக்கு. நடுவர் குழுவில் ஒரு கொத்தனாரும் ஒரு சிற்பியும் இருக்கட்டும். முடிவு சொன்ன பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் தாளை, நடுவரின் இரண்டு வரிக் குறிப்போடு திருப்பிக் கொடுங்கள். அறிவிப்பை டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒட்டிவிடுங்கள். நெல் தூவ நாள் வேண்டும்.